மணியிடம் சொல்லியாச்சா?

மனைவிக்கு மாற்றல் உத்தரவு வந்த அன்று ராத்திரி, சாப்பாட்டு வேளையில் பிள்ளைகளிடம் விஷயத்தைச் சொன்னோம். சென்னைக்குப் போகிறோம். புது வீடு, புதுப் பள்ளிக்கூடம், நினைத்தபோதெல்லாம் கடற்கரை. எட்டாம் வகுப்புக்குப் போகவேண்டிய மகள் தட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மூன்றாம் வகுப்புக்குப் போகவேண்டிய மகன் மட்டும் கேட்டான்: “மணிகிட்ட சொல்லியாச்சாப்பா?”

மணி எங்கள் நாய். சிப்பிப்பாறைச் சாயல் கொஞ்சம், மற்றதெல்லாம் தெருநாய் ரத்தம். பாளையங்கோட்டையில் ஒரு ஐப்பசி மழையில் வாய்க்கால் ஓரம் நடுங்கிக்கொண்டு கிடந்த குட்டி. ஆறு வருஷமாக எங்கள் வாசல்படியில் கிடந்தது. மகன் கேட்டதற்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. ஒரு வருஷத்துக்கும் மேலாகிறது. இப்போதும் அந்தக் கேள்வி என்னை விடுவதாயில்லை. மணியிடம் நாங்கள் சொல்லவில்லை. பிள்ளைகளிடமும் சொல்லத்தான் செய்தோமே தவிர, கேட்கவில்லை.

ஊர் மாறுவது என்பது பெரியவர்கள் எடுக்கும் முடிவு. வேலை, சம்பளம், கடன், பெற்றோரின் வைத்தியம் என்று அதற்கு ஆயிரம் நியாயம் உண்டு. பல சமயம் வேறு வழியே இருக்காது. ஆனால் அந்த முடிவின் பாரத்தில் பெரும்பங்கு அதில் வாய் திறக்க இடமில்லாதவர்கள் தலையில்தான் இறங்குகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் இடம்பெயர்ந்தவர்கள் 45 கோடிக்கு மேல். ஏன் இடம்பெயர்ந்தீர்கள் என்ற கேள்விக்கு வேலை, தொழில், கல்வி, திருமணம் என்று விடைகள் வைத்திருந்தார்கள். அவற்றில் ஒன்று, ‘குடும்பத்துடன் இடம்பெயர்ந்தோர்’. என் பிள்ளைகளைக் கேட்டிருந்தால் அந்தக் கட்டத்தில்தான் குறித்திருப்பார்கள். அவர்களுக்கென்று வேறு காரணம் கிடையாது.

நம் ஊரில் வீடு மாற மாதம் உண்டு. ஆடியில் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள். புரட்டாசியும் மார்கழியும் ஆகாது. ஆனியையும் ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். இந்தப் பக்கம், முழுப்பரீட்சை ஏப்ரலில் முடிகிறது, பள்ளிக்கூடம் ஜூனில் திறக்கிறது, மாற்றல் உத்தரவுகளும் பெரும்பாலும் அதற்கு நடுவில்தான் வருகின்றன. பஞ்சாங்கமும் பள்ளிக்கூடமும் சேர்ந்து எல்லோரையும் மே மாதத்துக்குள் நெருக்கித் தள்ளுகின்றன. லாரி அகப்படாது; சாமான் ஏற்றுகிறவர்கள் சொன்னதுதான் கூலி. அதே நாட்களில்தான் அக்னி நட்சத்திரம். நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்து இரைத்துத்தான் அது உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. சுற்றியிருக்கும் காற்றே அனலாகிவிட்டால் எவ்வளவு இரைத்தும் பயனில்லை. மூக்கு சப்பையான பக் போன்ற இனங்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஆண்டு முழுவதிலும் விலங்குகளைக் கொண்டுபோகவே கூடாத மாதத்தை, நாம் எல்லோரும் சேர்ந்து வீடு மாறும் மாதமாக வைத்திருக்கிறோம்.

ரயிலில் கொண்டுபோகலாமா என்று விசாரித்தேன். முதல் வகுப்பு ஏ.சி.யில் இரண்டு பேர் கூப்பேயோ நான்கு பேர் கேபினோ முழுசாக நம் பேரில் கிடைத்தால் நாயையும் கூட வைத்துக்கொள்ளலாம். ஆனால் சார்ட் தயாராகும்வரை அது கிடைக்குமா என்று உறுதி கிடையாது. இரண்டாம் ஏ.சி., மூன்றாம் ஏ.சி., ஸ்லீப்பர் எதிலும் நாய்க்கு அனுமதி இல்லை. மிஞ்சுவது கார்டு பெட்டியோடு இருக்கும் நாய்க்கூண்டு. பார்சல் ஆபீஸில் பணம் கட்டி, தடுப்பூசிச் சான்றைக் காட்டி ஏற்றிவிடலாம். ஸ்டேஷனில் போய் அந்தக் கூண்டை எட்டிப் பார்த்தேன். இருட்டும் இரும்பும்தான். இடி இடித்தாலே கட்டிலடியில் போய் ஒடுங்கிக்கொள்ளும் மணியை அதற்குள் விட எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே காரில்தான் கிளம்பினோம், அதுவும் ராத்திரியில். ஏறக்குறைய 630 கிலோமீட்டர். மத்தியானத்துக்குப் பிறகு மணிக்குத் தண்ணீர் தவிர எதுவும் கொடுக்க வேண்டாம், வயிறு நிறைந்திருந்தால் வழியெல்லாம் வாந்திதான் என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருந்தார். அவர் சொன்ன இன்னொன்றையும் எழுதியாக வேண்டும்: அதன் படுக்கைத் துணியைத் துவைக்காதீர்கள், லாரியில் போடாதீர்கள், கையோடு கொண்டுபோங்கள். நமக்கு அது அழுக்குச் சாக்கு. அதற்கு அதுதான் வீட்டு விலாசம். மதுரை தாண்டி ஒரு தடவை, திருச்சியில் ஒரு தடவை, உளுந்தூர்ப்பேட்டையில் ஒரு தடவை இறக்கினோம். ஒவ்வொரு இடத்திலும் நாலைந்து எட்டு வைத்துவிட்டுத் திரும்பி வந்து காருக்குள் மகன் இருக்கிறானா என்று பார்த்துக்கொண்டது. விடிகிற நேரம் செங்கல்பட்டில் கொளவாய் ஏரிக்காற்று முகத்தில் அடித்தபோதுதான் முதல் முறையாக மூக்கை ஜன்னலுக்கு வெளியே நீட்டியது.

புது வீட்டில் அன்று முழுவதும் அது தண்ணீர் குடிக்கவில்லை. தாமிரவருணித் தண்ணீரில் வளர்ந்த உயிர். இங்கே கேன் தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போனது. புதிதாக வாங்கிய எவர்சில்வர் கிண்ணத்தில் வைத்திருந்தோம். சாயங்காலம் மகள்தான் அட்டைப்பெட்டிகளைக் கிளறி, நெளிந்துபோன அதன் பழைய அலுமினியச் சட்டியைத் தேடி எடுத்து, அதில் ஊற்றி வைத்தாள். குடித்தது. அந்த இரண்டு நாளில் அவள் எங்களிடம் பேசிய நாலு வார்த்தையில் ஒன்று, “சட்டியத் தூரப் போட்டுராதீங்க.”

அவளைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். டென்மார்க்கில் 1982 முதல் 2003 வரை பிறந்த 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவேடுகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2024-இல் வெளியானது. 10 வயதுக்கும் 15 வயதுக்கும் இடையில் ஒரு முறை குடிபெயர்ந்த பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் மனச்சோர்வு நோய் கண்டறியப்படும் வாய்ப்பு, குடிபெயராத பிள்ளைகளைவிட 41 சதவீதம் கூடுதல் என்றது. ஒன்றுக்கு மேற்பட்ட முறை என்றால் 61 சதவீதம். அமெரிக்காவில் 7,108 பேரைப் பின்தொடர்ந்து 2010-இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு, சிறுவயதில் அடிக்கடி ஊர் மாறியவர்களில் உள்முக சுபாவம் உள்ளவர்களையே அது அதிகம் பாதித்திருக்கிறது என்று சொன்னது. டென்மார்க்கின் குடும்ப அமைப்பு வேறு, நம்முடையது வேறு. குடிபெயர்வதுதான் நோய்க்குக் காரணம் என்றும் அதை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. ஆனால் அந்த வயதுக் கணக்கை நான் நம்புகிறேன். எட்டு வயதுப் பையனுக்கு அப்பா அம்மா இருக்கும் இடம்தான் வீடு. பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு அப்படி இல்லை. சைக்கிளை வரிசையாக நிறுத்திவிட்டு முக்கால் மணி நேரம் தெருமுனையில் நின்று பேசும் நாலு தோழிகள்தான் அவளுக்கு வீடு. அதை லாரியில் ஏற்றிக் கொண்டுவர முடியாது.

புதுப் பள்ளியில் இரண்டாம் நாள், பக்கத்தில் இருந்த பெண்ணிடம் இயல்பாக, “என்னட்டி, அங்கன என்ன பாக்க?” என்று கேட்டிருக்கிறாள். வகுப்பே சிரித்திருக்கிறது. சினிமாவில் வருகிற மாதிரி பேசுகிறாள் என்று யாரோ சொல்லிவிட, அதன் பிறகு அவள் வகுப்பில் வாயே திறக்கவில்லை. வீட்டிலும் எங்கள் பேச்சைத் திருத்த ஆரம்பித்தாள். ஒரே மாநிலம், ஒரே மொழி. ஆனாலும் ஒரு பிள்ளை தன் பேச்சுக்காகத் தலைகுனிய நேர்ந்தது. மொழியே வேறான ஊருக்குப் போகும் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2006-இல் தமிழ் கற்றல் சட்டம் வந்தது. கர்நாடகத்தில் கன்னடத்துக்கு 2015-இல், கேரளத்தில் மலையாளத்துக்கு 2017-இல், தெலங்கானாவில் தெலுங்குக்கு 2018-இல் சட்டங்கள் வந்தன. அந்தந்த மண்ணின் மொழியைப் பிள்ளைகள் படிக்கத்தான் வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. ஆனால் ஒசூரிலிருந்து பெங்களூருக்கோ, பாட்னாவிலிருந்து திருப்பூருக்கோ ஏழாம் வகுப்பில் வந்து இறங்குகிற பிள்ளை அரிச்சுவடியிலிருந்து தொடங்கவேண்டும். அதற்கு மாலையில் ஒரு மணி நேரம் தனி வகுப்பு, அந்த வயதுக்கேற்ற ஒரு சிறு புத்தகம், அவசரப்படுத்தாத ஓர் ஆசிரியர் என்று ஏற்பாடு செய்து கொடுப்பதும் அந்தச் சட்டத்தின் கடமைதான்.

என் மகளுக்கு அப்படி ஓர் ஆசிரியர் வாய்த்தார். நாங்கள் போய் எதுவும் சொல்லவில்லை. தமிழம்மாவே கவனித்திருக்கிறார். அவரவர் பாட்டி வீட்டில் புழங்கும் சொற்களில் பத்து எழுதி வாருங்கள் என்று வகுப்புக்கே சொல்லிவிட்டார். மகள் முதல் நாள் ராத்திரி பாளையங்கோட்டைக்குப் போன் போட்டு, பழைய பக்கத்து வீட்டு ஆச்சியிடம் கேட்டுக் கேட்டு எழுதினாள்: வாரியல், சாரம், வெஞ்சனம், பைய... மறுநாள் பலகையில் எழுதிப் போட்டு ஒவ்வொன்றுக்கும் பொருள் சொல்லச் சொல்லியிருக்கிறார். சிரித்த பிள்ளைகளே வந்து, இன்னும் நாலு சொல் சொல்லு என்று கேட்டார்களாம். ஒரு வருஷத்தில் அந்தப் பள்ளிக்கு நான் கட்டிய பணம் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு மணி நேரம் ஈடாகும்.

மகனுக்குக் கை கொடுத்தது ஒரு புத்தகம். ஊரில் வாங்கிய மாற்றுச் சான்றிதழோடு புதுப் பள்ளிக்குப் போய், முதல் நாள் பையைத் திறந்தால் அவன் அக்கம்பக்கத்துப் பையன்களிடம் முன்பே பார்த்து வைத்திருந்த அதே மூன்றாம் வகுப்புப் பாடநூல், அதே அட்டைப்படம். “இதேதாம்ப்பா இங்கயும்” என்று சாயங்காலம் வந்து பெரிய செய்தி போலச் சொன்னான். 2010-இல் சமச்சீர்க் கல்வி வந்தபோது தரம், பாடச்சுமை என்று எவ்வளவோ வாதம் நடந்தது. ஊர் மாறும் பிள்ளைக்கு அது என்ன செய்யும் என்பதை நான் அன்றுதான் கண்ணால் கண்டேன். மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்காக இதையே 1963-இல் கேந்திரிய வித்யாலயா மூலம் செய்தார்கள். பெற்றோரின் மாற்றல்களைக் கணக்கில் கொண்டு இன்றும் அங்கே சேர்க்கையில் முன்னுரிமை கொடுக்கிறார்கள். தனியார் வேலைக்காகவும் கூலி வேலைக்காகவும் ஊர் மாறுகிறவர்களின் பிள்ளைகளுக்கு ஒரு பொதுப் பாடநூலாவது இருக்கிறதே என்று நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

அந்த மாற்றுச் சான்றிதழ் சும்மா கிடைத்துவிடவில்லை. மூன்று வாரம் அலைய விட்டார்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 5 தெளிவாக இருக்கிறது: எந்தக் காரணத்துக்காகவும் மாநிலத்துக்குள்ளோ வெளியிலோ பிள்ளை பள்ளி மாறவேண்டி வந்தால் தலைமையாசிரியர் சான்றிதழை உடனே கொடுக்கவேண்டும், சான்றிதழ் தாமதமாகிறது என்று சொல்லி அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது. அதே சட்டத்தின் பிரிவு 15, கல்வியாண்டின் நடுவில் வந்தாலும் சேர்க்கை மறுக்கக்கூடாது என்கிறது. இதைத் தெரிந்து வைத்திருக்கும் பெற்றோர் எத்தனை பேர்? தமிழ்நாட்டில் எமிஸ் என்னும் கல்வித்துறைக் கணினித் தொகுப்பில் உள்ள பிள்ளையின் பதிவையும் பழைய பள்ளி பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதுப் பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். காகிதம் கைக்கு வந்த பிறகும் கணினியில் பிள்ளை பழைய பள்ளியிலேயே இருப்பது உண்டு. ஊரை விட்டுக் கிளம்புமுன் அதை ஒரு தடவை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

வீடு தேடிய கதைக்கு வருகிறேன். புரோக்கர் எடுத்த எடுப்பில் கேட்பது எத்தனை பேர், சைவமா அசைவமா. மூன்றாவது கேள்வி நாய். இருக்கிறது என்றதும் குரல் மாறிவிடும். பதினான்கு வீடு பார்த்தோம், ஒன்பது வீடு இந்த ஒரு காரணத்துக்காகவே தட்டிப்போனது. ஓர் அடுக்ககத்தில், இங்கே சங்கத்தில் தீர்மானமே போட்டிருக்கிறோம், நாய் கூடாது என்றார்கள். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. பெரும்பான்மை வாக்கோடு தீர்மானம் போட்டாலும் குடியிருப்போர் சங்கம் வளர்ப்புப் பிராணிகளைத் தடை செய்ய முடியாது. குரைக்கிறது என்பதைக் காரணமாகக் காட்ட முடியாது. லிஃப்டில் ஏற்றக்கூடாது என்றும் சொல்ல முடியாது. ஆனால் வீட்டுக்காரர் வாடகைக்கு விட மாட்டேன் என்றால் அவரைக் கட்டாயப்படுத்த வழியில்லை. சங்கத்தின் தடை சட்டத்தில் நிற்காது, வீட்டுக்காரரின் மனத்தடை நடைமுறையில் நிற்கிறது.

அந்த மனத்தடையில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கதவைப் பிராண்டும், மாடிப்படியில் அசிங்கம் செய்யும், பக்கத்து வீட்டுக் குழந்தை பயப்படும் என்று அவர் நினைப்பதில் தவறில்லை. அதற்கு வழி, ஒளிக்காமல் பேசி ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வதுதான். 2019 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யச் சொல்கிறது. முன்பணத்துக்கு மூன்று மாத வாடகை என்று ஓர் அளவும் வைத்திருக்கிறது. இரு தரப்பும் வேறு விதமாக எழுதிக்கொண்டால்தான் அது மாறும். அந்த ஒப்பந்தத்திலேயே நாய் இருக்கிறது, தடுப்பூசி போட்டிருக்கிறது, மாநகராட்சி உரிமம் எடுக்கப்படும், காலி செய்யும்போது கதவுக்குச் சேதம் இருந்தால் செலவு எங்களுடையது என்று நாலு வரி சேர்த்தோம். கடைசியில் எங்களுக்கு வீடு கொடுத்த பெரியவர் அதைப் படித்துவிட்டு, “இவ்வளவு எழுதுறவங்க பாத்துக்குவீங்க” என்றார்.

ஒளித்து வைத்து வீடு பிடிக்கிறவர்கள் உண்டு. அவர்களைவிட, விட்டுவிட்டு வருகிறவர்கள் அதிகம் என்று அஞ்சுகிறேன். எங்கள் தெருவிலேயே நடந்தது. வீடு காலி செய்த மறுநாள் பூட்டிய கேட்டுக்கு முன்னால் கழுத்துப் பட்டையோடு ஒரு பெட்டை நாய் உட்கார்ந்திருந்தது. யார் போட்ட சோற்றையும் தொடவில்லை. எந்த கார் சத்தம் கேட்டாலும் எழுந்து நின்றது. தெருநாய்ச் சிக்கல் நாடு முழுக்க நீதிமன்றங்களிலும் தொலைக்காட்சிகளிலும் பேசப்படுகிறது. பட்டையோடு தெருவுக்கு வந்து சேரும் நாய்களைப் பற்றிப் பேச்சே இல்லை. பட்டினியிலும் தாகத்திலும் வாடும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. பல பத்தாண்டுகளாக அந்தத் தொகை அப்படியே கிடக்கிறது. இன்று ஒரு அட்டைப்பெட்டி வாங்கவே அதற்கு மேல் ஆகும். நாடாளுமன்றம் இதைத் திருத்த இன்னும் எதற்காகக் காத்திருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

நாங்கள் விரும்பித்தான் வந்தோம், காரில் வந்தோம், கையில் ஒப்பந்தம் வைத்துக்கொண்டு வந்தோம். இதே சென்னையில், ஆற்றங்கரையிலும் கால்வாய் ஓரத்திலும் இரண்டு மூன்று தலைமுறை வாழ்ந்த குடும்பங்களை 2000-லிருந்து கண்ணகி நகருக்கும், பிறகு செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். நகரின் நடுவிலிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளி. பழைய பள்ளிக்கே பஸ் மாறிப் போய்வந்த பிள்ளைகளும் உண்டு, போகமுடியாமல் நின்றுவிட்ட பிள்ளைகளும் உண்டு. குடிசை மாற்று வாரியம் 2021-இல் தன் பெயரில் ‘வாழ்விடம்’ என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டது. பிள்ளையின் பரீட்சை முடியும் முன் ஒரு குடும்பத்தைக் கிளப்புவதில்லை, போகுமிடத்தில் பள்ளிக்கூடக் கதவு திறக்குமுன் லாரியை வரவழைப்பதில்லை என்று அந்த வாரியம் தனக்குத்தானே விதி செய்துகொண்டால், அந்தச் சொல்லுக்குப் பொருள் கிடைக்கும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். பாளையங்கோட்டையில் எங்களுக்கு ஒரு பூனையும் இருந்தது. சாம்பல் நிறம், பெயர் சின்னு. நாய் ஆளோடு போகும், பூனை வீட்டோடு நிற்கும் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். எங்களுக்கும் அது வசதியாக இருந்தது. பக்கத்து வீட்டு ஆச்சியிடம் விட்டுவிட்டு வந்துவிட்டோம். இங்கே வந்த பிறகு மருத்துவரிடம் பேசியபோதுதான் தெரிந்தது: பூனையையும் கொண்டுவரலாம். புது வீட்டில் இரண்டு மூன்று வாரம் ஒரே அறையில் வைத்து, நம் துவைக்காத துணியைப் போட்டு, அதே நேரத்துக்குச் சாப்பாடு கொடுத்து, பிறகு மெல்ல மெல்லக் கதவைத் திறந்துவிட்டால் அதற்கும் இடம் பழகிவிடும். கன்னத்தால் சுவரையும் கட்டில்காலையும் உரசி உரசித் தன் வாசனையைப் பூசி, அது தனக்கென்று ஒரு வீட்டை உண்டாக்கிக்கொள்ளும். இதைக் கேட்டுவிட்டு அன்று நான் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நாங்கள் கிளம்பிய பிறகு பத்து நாள், பூட்டிக் கிடந்த எங்கள் வீட்டு ஜன்னல் விளிம்பிலேயே சின்னு படுத்துக் கிடந்ததாம். பிறகு புதுக் குடித்தனக்காரர்கள் வந்தார்கள். அதன் பிறகு ஆச்சியின் பின்கட்டுக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆச்சி போன் செய்யும்போது மகன் முதலில் அதைத்தான் விசாரிப்பான். போனை அதன் காதில் வைக்கச் சொல்லிப் பேசுவான். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறோம். மூடி போட்ட கூடை ஒன்றும், தன் பழைய போர்வையும் இப்போதே எடுத்து வைத்துவிட்டான். போர்வையைத் துவைக்க விடவில்லை. போன வாரம் மகள் அவனைப் பார்த்து, “ஏல, ஆச்சிகிட்ட கேட்டியா? ஆச்சிக்கும் அது துணைல்லா?” என்றாள். உடனே போன் போட்டுக் கேட்டான்.

“வாங்கய்யா, வந்து பாருங்க” என்றார் ஆச்சி. “அதா வந்து கூடைக்குள்ள உக்காந்தாக் கூட்டிட்டுப் போங்க. இல்லேன்னா எங்கிட்டயே கெடக்கட்டும்.”